உடம்பில் வெட்டிய எண்

வண்டிப் பதிவு ஆபீசுக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. கடை என்பதே கொஞ்சம் பெரிய பேச்சு. ஒரு மெஷின், ஒரு மேசை, வாசலில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்காரும்படி ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். மேசையில் ஒரு டிராயர் உண்டு. மறந்துபோன ஒரிஜினல்களை அதில்தான் போட்டு வைப்பேன். காப்பி எடுக்க வருகிறவர்கள் காப்பியைக் கண்ணும் கருத்துமாக மடித்து எடுத்துக்கொண்டு ஒரிஜினலை விட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்குப் போன பிறகு தலையில் அடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன், தேடி வராதவர்கள் ரொம்பக் குறைவு.

இது என் கதை இல்லை, பென்சில் அண்ணன் கதை. அப்படித்தான் ஆரம்பிக்கிறேன்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எல்லோருக்கும் அவர் பென்சில். புது ஸ்கூட்டர் ஒவ்வொன்றுக்கும் அடிச்சட்டத்தில் ஒரு எண் வெட்டியிருப்பார்கள். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்தால் எண் தாளில் ஏறிவிடும். சின்ன வயதில் காசை வைத்துத் தேய்ப்போமே, அதே வித்தைதான். அந்தத் துண்டுத் தாளை விண்ணப்பத்தில் ஒட்டினால்தான் வண்டிக்குப் பதிவு. இருபத்தெட்டு வருடமாக அதைத் தேய்த்துக் கொடுத்தது இவர் ஒருவர்தான்.

தற்காலிகமாகத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற ஆளாகச் சேர்ந்தவர். மடிப்புக் கலையாத பேன்ட் போட்ட பெரியவர்கள் யாருக்கும் எண்ணெய்ச் சகதியில் முட்டி போட மனம் வரவில்லை. "நீ கொஞ்சம் குனிஞ்சு பாருப்பா" என்று சொல்லியிருக்கிறார்கள். குனிந்தவர் அப்புறம் நிமிரவே இல்லை. சட்டைப் பை எப்போதும் கறுப்பு. அதற்குள் நுனி மழுங்கிய இரண்டு பென்சில், உப்புத்தாள், மண்ணெண்ணெய் நனைத்த துணி. இரண்டு முட்டியும் காய்த்து செருப்பின் அடித்தோலைப் போல ஆகிவிட்டிருந்தன. இத்தனைக்கும் அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. லைசென்சுக்காக மூன்று தடவை எட்டு போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் பாதி எட்டிலேயே காலை ஊன்றிவிட்டார். "ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் காகிதம் குடுக்குறவரு, பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறாரு" என்று நான் கிண்டல் செய்வேன்.

"சிரி தங்கச்சி, நல்லா சிரி. பஸ்ஸுக்கு நான் நம்பர் தேய்க்க வேண்டாமில்ல?" என்பார்.

வேலையில் மட்டும் கிண்டலுக்கு இடம் கொடுக்கமாட்டார். புது வண்டிக்காரர்கள் நம்பர் பிளேட்டுக்கு என்ன எழுத்து, என்ன கலர் என்று கனவு காண்கையில், இவர் கீழே முட்டி போட்டபடியே பாடம் எடுப்பார்: "பிளேட்டு உடையும் சார். பெயின்ட்டு மாறும். என்னிக்காவது எல்லாம் போயிடுச்சுன்னா இந்த நம்பர்தான் பேசும். உடம்புல வெட்டினது பொய் சொல்லாது." இன்ஸ்பெக்டரும், "பென்சில் பாத்தாச்சுன்னா நான் பாத்த மாதிரி" என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

அவருக்கு என்று ஒரு விதி இருந்தது. ஒன்றைத் தேய், ஒன்றை ஒட்டு, பிறகுதான் அடுத்த வண்டி. அந்த விதியை அவர் ஒரே ஒரு நாள் மீறினார்.

அன்றைக்கு வரிசையில் பதினான்கு ஸ்கூட்டர். ஆபீஸ் மூட அரை மணி நேரம். வானம் கறுத்து முதல் சொட்டு விழுந்துவிட்டது. தாள் நனைந்தால் தேய்க்க முடியாதே என்று, வரிசையாகப் பதினான்கையும் தேய்த்து, துண்டுகளை அதே வரிசையில் இடது கையில் டேப்பால் ஒட்டிக்கொண்டு போனார். தேய்த்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. வண்டிகளை எல்லோரும் கொட்டகைக்குள் தள்ளினார்கள். வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒரு பெண், பின்னால் நனைந்துகொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்து, "நீங்க முன்னாடி போங்க சார், பெரியவங்க நனையாதீங்க" என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்தாள். இரண்டு வண்டியும் ஒரே நிறம், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு. அவளுடையது நாலு, அவருடையது ஏழு.

பென்சில் அண்ணன் ஆட்கள் நின்ற வரிசைப்படி விண்ணப்பங்களை வாங்கி, கையில் இருந்த வரிசைப்படி துண்டுகளை ஒட்டினார். ஒட்டிவிட்டு வழக்கம்போல் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டில் கடைசி இலக்கம் உதைத்தது. வேறு யாராக இருந்தாலும் மறுபடி வண்டியிடம் போயிருப்பார்கள். இவருக்குத் தன் பென்சில்மேல் அத்தனை நம்பிக்கை. பில் அடித்தவன்தான் தூங்கி வழிந்திருக்கிறான் என்று முடிவுகட்டி, விண்ணப்பத்தில் நாலை ஏழாக்கி, ஏழை நாலாக்கி, ஓரத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கம்ப்யூட்டரில் அப்படியே ஏறிவிட்டது. பொய் சொல்லாத எண்ணுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது அவர் கைதான்.

ஆறு மாதம் எதுவும் தெரியவில்லை. பிளேட் இருக்கிறவரை அடியில் இருக்கும் எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்தப் பெண் இத்தனை நாளும் எல் போர்டை ஒட்டிக்கொண்டு பழகியவள், ஒரு நாள் காலையில் வந்து ஒரே மூச்சில் எட்டு போட்டுத் தேறிவிட்டாள். அங்கேயே போட்டோ எடுத்து லைசென்ஸ் கார்டைக் கையில் கொடுத்தார்கள். பார்சல் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். வண்டிக் காகிதங்களின் காப்பியை அங்கே கொடுத்துவிட்டு, மதியம் பன்னிரண்டரைக்குத் திரும்பும்போது லாரி அடித்தது. பின் பிளேட் லாரியோடு போய்விட்டது. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது. போனும் உடைந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் ஒரு காகிதம்கூட இல்லை.

உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டு, போலீஸ்காரர் வண்டியைக் குப்புறப் போட்டு அடிச்சட்டத்து எண்ணைப் படித்தார். கம்ப்யூட்டர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பெயரைச் சொன்னது. போன் போட்டார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வண்டி வாசல்லயே நிக்குது சார், நீங்க யாரு?" என்று வைத்துவிட்டார். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பயந்துபோய் இரண்டாவது தடவை எடுக்கவே இல்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியானால் இது நம்பர் மாற்றிய வண்டி என்று போலீஸ் முடிவு கட்டியது. அந்தப் பெண் இரவு ஒன்பதரை வரை, பெயர் இல்லாமல், பக்கத்தில் ஒரு மனிதர் இல்லாமல் கிடந்து செத்துப்போனாள். ஒன்பது மணி நேரம். மறுநாள் மகளைக் காணவில்லை என்று ஸ்டேஷனுக்குப் போன அம்மாவுக்கு முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள்.

வண்டியைப் பற்றி விவரம் கேட்டு ஆபீசுக்குக் கடிதம் வந்தது. எண் விஷயம் என்றால் பென்சில் அண்ணன் மேசைக்குத்தானே வரும். அவர் பதிவறைக்குப் போய் இரண்டு விண்ணப்பங்களையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். தன் கையெழுத்தைத் தானே பார்த்திருக்கிறார். இரண்டையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"இன்னும் பதினாலு மாசம் தங்கச்சி. ரிட்டையர்மென்ட்டுக்கு. இது வெளிய வந்தா வேலையும் போயிடும், பென்ஷனும் போயிடும். ஃபைலை எடுத்ததுக்குக் கேஸும் போடுவாங்க."

"திருப்பி வெச்சிடுங்கண்ணே."

"வெச்சா படிச்சுடுவாங்களே" என்றார்.

வீட்டுக்கு எடுத்துப் போய் மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டதாகத்தான் என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம் புதன்கிழமைதோறும் அந்த அம்மா வர ஆரம்பித்தாள். ரொட்டிக் கம்பெனியில் பாக்கிங் வேலை. புதன்தான் அவளுக்கு லீவு. ஆபீசுக்குள் உட்கார இடம் கிடையாது என்பதால் என் பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடுகிறபோது உள்ளே போவாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. போலீஸ் ஃபைலில் மகளைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தார்கள். லைசென்ஸ் கையில் இல்லை. பதிவுச் சான்று இல்லை. வண்டியின் எண் வேறொருவருடையது, திருட்டு வண்டி என்று சந்தேகம். அந்த மூன்று வரியையும் அடிக்க வேண்டும்.

"லைசென்ஸ் வாங்கினா போதாதும்மா, கையில வெச்சிருக்கணும். அதான் ரூல்" என்று உள்ளே இருந்த கிளார்க் சொல்லியிருக்கிறான். வண்டி பில்லோடு சேர்த்துக் கொடுத்த பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள் என்றதற்கு, ஃபைல் கிடைக்கவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத்தான் இந்த அலைச்சல் என்று வாசலில் நாலு பேர் பேசினார்கள். அவள் காதிலும் விழுந்தது.

"பணம் எதுக்கும்மா எனக்கு?" என்றாள் என்னிடம். "குடியிருக்கிற வீட்டுல, திருட்டு வண்டியாமேன்னு கேக்குறாங்க. மாசாமாசம் கட்டி வாங்கின வண்டி. செத்தவளுக்குத் திருடிப் பட்டம் எதுக்கு?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புதன்கிழமைகளில் பென்சில் அண்ணன் பின்வாசல் வழியாகப் போய்வந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை. ஒரு வண்டிக்கு மூன்று தடவை தேய்த்தார். "கையை வண்டி மேல வைங்க, நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்று சொந்தக்காரர்களை நிறுத்தி வைத்தார். ஜனங்கள் சிரித்தார்கள், பிறகு கத்தினார்கள். அவர் மனைவி ஒரு நாள் என்னிடம் வந்து அழுதாள்.

"வீட்டுல எதுல நம்பர் வெட்டியிருந்தாலும் தாளை வெச்சுத் தேய்க்கிறாரு. கேஸ் சிலிண்டரு, மீட்டர் பெட்டி, தையல் மெஷினுன்னு ஒண்ணையும் விடல. தேச்சுட்டு என்னைப் படிக்கச் சொல்றாரு. நான் படிச்சா, கடைசி நம்பர் என்ன, கடைசி நம்பர் என்னன்னு கேக்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு, கேட்டுப் பாருங்க."

கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். சிலிண்டரில் தேய்த்தது. "எதுல தேச்சாலும் கடைசில நாலுதான் வருது தங்கச்சி. நீயே பாரு." பார்த்தேன். அதில் நாலே இல்லை. சொன்னேன். அவர் நம்பவில்லை.

மழை வந்தால் இன்னும் மோசம். கொட்டகைக்கு வெளியே, வரிசையின் கடைசியில், வெள்ளை ஹெல்மெட்டோடு அந்தப் பெண் நனைந்துகொண்டு நிற்கிறாள் என்பார். திட்டவோ அழவோ செய்யாமல், "நீங்க முன்னாடி போங்க சார்" என்று மட்டும் சொல்கிறாளாம். பயத்தை மறைக்க அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

"ஒரு வெள்ளைத் தாள்ல நாலு வரி எழுதிக் குடுத்தா அந்தம்மா நிம்மதியாப் போயிடுவா. நாலு வரி எழுதக் கூடவா மனசு வரல?" புதன்தோறும் அவள் போன பிறகு அவரிடம் இதையே சொன்னேன். கோழை என்றுகூடச் சொன்னேன்.

ஊருக்குத்தான் உபதேசம். இனி என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் அன்று காலை பதினோரு மணிக்கு என் கடைக்குத்தான் வந்தாள். பச்சை பிளாஸ்டிக் கவரில் லைசென்ஸ், பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் எல்லாம் வைத்திருந்தாள். புது லைசென்ஸ் தவிர மற்றதையெல்லாம் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து வந்திருந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். "தேங்க்ஸ்க்கா, இன்னிக்கு எனக்கு நல்ல நாளு" என்றாள். காப்பிகளை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒரிஜினல் கவர் என் மேசையில். ஐந்து நிமிடத்திலேயே பார்த்துவிட்டேன். ஒரு எட்டு போய் எட்டிப் பார்த்திருந்தால் தெருமுனை சிக்னலில் நின்றிருப்பாள். கவருக்குள் அவள் அம்மாவின் போன் நம்பர் எழுதிய சீட்டும் இருந்தது. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். வந்து எடுத்துக்கொள்வாள் என்று டிராயரில் போட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு டிராயரைப் பூட்டி, கடையைப் பூட்டி, வீட்டுக்குப் போனேன். அப்போது அவள் உயிரோடு இருந்தாள்.

மறுநாள் விஷயம் தெரிந்தபோதே கொடுத்திருக்க வேண்டும். நேற்றே ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்களே என்று ஒரு நாள் தள்ளினேன். ஒரு நாள் ஒரு வாரமானது. அப்புறம் எந்த முகத்தோடு எடுத்து நீட்டுவது? மூன்று வரியில் இரண்டு வரி என் டிராயரில் கிடந்தது. அந்த டிராயருக்கு இரண்டடி தள்ளித்தான் அவள் அம்மா புதன்தோறும் உட்கார்ந்திருந்தாள். ஆள் இல்லாத நேரத்தில், பன்னிரண்டரை ஆனால், என் கை தானாகப் போய் மெஷின் மூடியைத் தூக்கும். கண்ணாடிமேல் ஒன்றும் இருக்காது. மூடுவேன், மறுபடி தூக்கிப் பார்ப்பேன்.

ஒரு நாள் வழக்கம்போல் அவரைக் கோழை என்று திட்டிக்கொண்டிருந்தேன். பென்சில் அண்ணன் நிதானமாகக் கேட்டார்: "தங்கச்சி, அந்தப் பொண்ணு உன் கடைக்குள்ள வரும்போது கையில பச்சைக் கவர் இருந்துச்சு. போகும்போது இல்ல. ஜன்னல்ல இருந்து பாத்தேன். ஒரு நாளாவது நான் உன்னைக் கேட்டேனா?"

இத்தனை மாதமும் இந்த மனிதர் என் திட்டை வாங்கிக்கொண்டே இதையும் வைத்திருந்திருக்கிறார். அதற்கப்புறம் இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு ஆள் போதாது, நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து மறைத்தோம்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை அந்த ஸ்கூட்டரைச் சின்ன லாரியில் ஏற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர் இல்லாத வண்டி என்று உடைத்துப்போட உத்தரவாகியிருந்தது. உடைக்கும் முன் எண்ணை ஒரு தடவை தேய்த்து ஃபைலில் வைக்க வேண்டும் என்பது விதி. பின்வாசல் வழியாகப் போகிற வழி அவருக்கு அன்று இல்லாமல் போய்விட்டது.

அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து தெருவைத் தாண்டிப் போனாள். நானும் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனேன். கோணிப்போன வண்டியின் சீட்டில் படிந்த தூசியை அவள் முந்தானையால் துடைத்தாள். பென்சில் அண்ணன் முட்டி போட்டார். துருவை உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, தாளை வைத்தார். பிறகு பழக்கதோஷத்தில் வந்ததா, வேண்டுமென்றே சொன்னாரா தெரியாது.

"கையை வண்டி மேல வைங்கம்மா. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றார்.

அவள் வைத்தாள். அவர் தேய்த்தார். ஒவ்வொரு இலக்கமாகக் கறுப்பில் எழுந்து வந்தது. கடைசியில் நாலு. நானும் பார்த்தேன், இந்தத் தடவை அது நிஜமாகவே நாலு. அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

எழுந்ததும் நேராக என் கடைக்கு வந்தார். அவளையும் வரச் சொன்னார். சட்டைக்குள்ளிருந்து இரண்டு விண்ணப்பங்களையும் எடுத்து மேசையில் வைத்தார். ஒரு நாளும் வீட்டில் விட்டு வந்ததில்லை போலிருக்கிறது, வேர்வையில் ஓரமெல்லாம் பழுத்திருந்தது. ஒரு தாளை எடுத்து, பையிலிருந்த பென்சிலாலேயே எழுத ஆரம்பித்தார். "பென்சில்ல எழுதினா செல்லாதுண்ணே" என்று பேனாவைக் கொடுத்தேன். முதலிலிருந்து எழுதினார். இலக்கத்தை மாற்றியது நான், ஃபைலை மறைத்ததும் நான், வண்டி அந்தப் பெண்ணுடையதுதான். முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். அந்தப் பெயரை அன்றுதான் நான் முதன்முதலாகப் படித்தேன்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அப்ப அவ திருடி இல்லன்னு இதுல இருக்கா?"

"இருக்கும்மா."

"ஒம்பது மணி நேரம் அனாதையா கிடந்தா. உன்னால."

"ஆமாம்மா. என்னாலதான்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அவரும் அதற்குத் தயாராகத்தான் நின்றார். அவள் தாளை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, "போ, போய்க் குடு" என்றாள். நான் இரண்டு காப்பி போட்டேன். அவர் வாங்கிக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பின்வாசல் பக்கம் திரும்பாமல் முன்வாசல் வழியாக இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். அந்த ஒரு பார்வையைத் தாங்க முடியவில்லை.

டிராயரைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து பச்சைக் கவரை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"அன்னிக்கு காலைல உங்க பொண்ணு இதை இங்க விட்டுட்டுப் போயிட்டாக்கா. வந்து எடுத்துப்பான்னு இருந்துட்டேன். அப்புறம் குடுக்கத் தைரியம் வரல."

அவள் கவரைத் திறந்தாள். லைசென்ஸில் அன்று காலை எடுத்த போட்டோ. ஹெல்மெட்டில் அமுங்கிய தலைமுடி, அடக்கியும் அடங்காத சிரிப்பு. அவள் அதை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஆறு மணிக்கு வேலை விட்டு வந்தேன்" என்றாள், என்னைப் பார்க்காமலே. "வீடு பூட்டியிருந்துச்சு. போன் போகல. அந்தப் பார்சல் கம்பெனிக்கு ஒரு நடை போயிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்திருக்கலாம், பஸ்ஸுல பத்து நிமிஷம். ஒம்பதரை மணி வரைக்கும் வாசப்படியிலயே உக்காந்திருந்தேம்மா. நானும், வந்துருவான்னுதான் இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. லைசென்ஸை என்னிடம் நீட்டி, "இதுக்கு ஒரு காப்பி போட்டுக் குடு" என்றாள். மூடியைத் தூக்கி, கண்ணாடியில் வைத்து, மூடினேன். வெளிச்சம் ஒரு தடவை ஓடியது. மெஷினிலிருந்து ஒரிஜினலை எடுத்து அவள் கையில் கொடுக்கும்வரை அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.